ஸ்கெல்பி நாரைகள்

செப்டெம்பர் 20

நித்திரை வராவிட்டால் எதையாவது எழுதிப் பாருங்கள் என்று சுகாதார நிலையத்துப் பெண் சொன்னாள். எந்த மொழியிலும் எழுதலாமாம். யாருக்கும் காட்டத் தேவையில்லையாம். சரி, எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயவதனி. லண்டன் ஹரோவிலிருந்து நானும் மகள் மிதுனாவும் இந்த ஸ்கெல்பிக்கு வந்து ஒரு மாதமாகப் போகிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கடல்காற்று உடம்புக்கு நல்லது, வாடகையும் குறைவு. அதுதான் வந்தோம்.

எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை கிடைத்திருக்கிறது. மிதுனாவுக்குப் பதினைந்து வயது நடக்கிறது. என்னைவிட ஒரு தலை உயரம். ஹரோவில் கோயிலுக்குப் போனால், "இந்தப் பெட்டை இன்னும் வளருதே, எங்கை மாப்பிள்ளை தேடப்போறியள்?" என்று கேட்பார்கள். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. இங்கு வந்த பிறகு, வருவதற்குச் சில மாதம் முன்பிருந்தும்தான், அவள் கதைப்பது குறைவு. கேட்டால் தலையாட்டுவாள். புது இடம்தானே.

இன்று பள்ளியால் வந்து ஒரு விளம்பரத் துண்டை மேசையில் வைத்தாள். பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து, செவ்வாய் மாலை, மெதடிஸ்த ஆலய மண்டபம். கழகத்தின் பெயர் ஸ்கெல்பி நாரைகள்.

"போகப்போறியா?"

தலையாட்டினாள். ஆனால் இந்த முறை அவளாகவே எதையோ கேட்டிருக்கிறாள்.

செப்டெம்பர் 27

மண்டபத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஒரு சுவரோரம் பழைய ஓர்கன் வாத்தியம், மேலே போர்வை போர்த்தியிருந்தது. ஒரே ஒரு வளையம், அதன் வலையும் பாதி கிழிந்திருந்தது. எதிரே இருக்க வேண்டிய மற்ற வளையம் இல்லவே இல்லை. கூரை தாழ்வு, உயர எறிந்தால் பந்து விளக்கில் பட்டுத் திரும்பியது. ஆறு பிள்ளைகள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

பயிற்சியாளர் கேயில் என்ற பெண். ஐம்பது தாண்டியவர், பஸ் ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். மிதுனாவைக் காலிலிருந்து உச்சிவரை பார்த்துவிட்டு, "கடவுளே, கடைசியிலை எங்களுக்கும் ஒண்டைத் தந்திட்டாய்!" என்றார். (அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.) என் பிள்ளையின் உயரத்தைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டதை இன்றுதான் கண்டேன். எப்போதும் கூனி நிற்கிறவள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

பருத்தித்துறையில் படிக்கும்போது நான் வலைப்பந்து விளையாடியிருக்கிறேன். அதில் பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இதில் பந்தைத் தட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். யாரும் மறிக்கும்வரை ஓடலாம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபர் 4

மிதுனா சப்பாத்தைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

ஒக்டோபர் 11

கேயில் மூச்சுக்கு மூச்சு கத்துவது ஒரே சொல்: "கதையுங்கோ! கதையுங்கோ!" எதிரணி பந்தை வைத்திருக்கும்போது நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். யார் எங்கே வருகிறார்கள், யாரை யார் பிடிப்பது என்று. எல்லாப் பிள்ளைகளும் கீச்சிட்டார்கள். மிதுனா மட்டும் வாய் திறக்கவில்லை.

முடிந்த பிறகு நான் கேயிலிடம் போய், "அவள் கொஞ்சம் கூச்சம்" என்றேன்.

"பரவாயில்லை. குரல் தானா வரும். அவசரப்படுத்த மாட்டன்" என்றார்.

பிறகு உட்காரும் நீள வாங்குகளை அடுக்க உதவச் சொன்னார். இடது மணிக்கட்டு முழுக்கத் திரும்பாது, சமையலறையில் விழுந்தது என்றேன். என் கையையும் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். மேசைக்குப் போய் பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார்.

"அப்ப நீங்கள் நேரம் பாருங்கோ, வாட்னி. இதுக்கு ஒரு விரல் காணும்."

வதனி என்று அவருக்கு வாய் வரவில்லை.

ஒக்டோபர் 18

நேரம் பார்ப்பது இப்படி: நடுவர் விசில் ஊதினால் பொத்தானை அழுத்த வேண்டும். கடிகாரம் நின்றுவிடும். யாரோ தள்ளினாலும், விழுந்தாலும், பந்து வெளியே போனாலும் நேரம் நிற்கும். எழும்பி, தண்ணீர் குடித்து, எல்லாரும் சரியானபிறகுதான் மறுபடி ஓடும். ஒரு பிள்ளை விழுந்து கிடக்கும்போது நேரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாதாம். சட்டமே அதுதானாம். யார் இதைக் கண்டுபிடித்தார்களோ, பெரிய மனசு.

நவம்பர் 19

முதல் போட்டி. வெளியூர். கேயிலே மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். 71க்கு 12. நாங்கள்தான் பன்னிரண்டு.

வரும் வழியில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டு, யார் எப்படி வழுக்கினார்கள் என்று நடித்துக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கேயிலும் சேர்ந்து சிரித்தார். பிழை விட்டவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கறிக்கு உப்புக் கூடினாலே

அது வேண்டாம்.

டோலு என்ற பிள்ளை மிதுனாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நைஜீரியாக் குடும்பம். தகப்பன் டாயோ ஆஸ்பத்திரியில் தாதி. வாசலில் குனிந்துதான் வருவார், அவ்வளவு உயரம். பிள்ளையை எழுப்பாமல் வீடு வந்து சேரும்வரை மிதுனா ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

டிசம்பர் 11

பெரியண்ணா ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். புது நம்பரை அவருக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.

"வதனி, எத்தினை நாளைக்கு இப்பிடித் தனிய இருக்கப்போறாய்? அவர் எனக்கு எடுத்து அழுதவர். மனுசன் நல்லா மாறிட்டார், பிள்ளை."

"அண்ணா, எனக்கு வேலைக்கு நேரமாச்சுது."

"எந்த ஊர் எண்டாவது சொல்லன்."

"கடற்கரை ஊர்" என்றேன்.

இன்று ஞாயிறு. எனக்கு வேலை இல்லை.

ஜனவரி 14

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். கேயிலைத் தனியாகக் கூப்பிட்டு, மிதுனாவின் முகம் பத்திரிகையில் வரக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டால் சொல்ல, சமயம், சடங்கு என்று இரண்டு மூன்று பொய் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "சரி" என்றார்.

மிதுனா தானாகவே விலகிச் சுவரோரம் போய் நின்றாள். அதைப் பார்க்க முடியவில்லை, நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது டோலு அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்துகிறாள். கேயில் எதையோ சொல்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். தோளுக்குமேல் கை போட்டு, ஒருத்தியும் முகம் காட்டாமல்.

"இப்பிடியே எடும்" என்றார் கேயில். "நாரையள் பறந்து போறதைத்தான் ஆக்கள் பாக்கிறது. முதுகுதான் தெரியும்."

படக்காரர் சிரித்தார், எடுத்தார். நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஜனவரி 24

பத்திரிகையில் அந்த முதுகுகளைப் பார்த்துவிட்டு ஊரே பேசுகிறது. முதியோர் இல்லத்தில் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இன்று பயிற்சிக்குப் போனால் ஆலய வாசலுக்கு வெளியே வரிசை. புதிதாக முப்பதுக்கு மேல் பிள்ளைகள், மழையில், தாய்மாரின் குடைக்குள். கேயில் வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாட்னி, என்னட்டை இருக்கிறது ஒரு வளையம்" என்றார்.

"உள்ளுக்குப் பாதி, வெளியிலை பாதி. மாறி மாறி விடுவம்" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. ஓடும் கடிகாரம் என் கையில்தானே.

பெப்ரவரி 18

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

போட்டி எங்கள் ஊரில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில். மறைப்பு என்று ஒரு தந்திரம் இருக்கிறது. நம் பிள்ளை பந்துக்காரியைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடும்போது, எதிரணிக்காரி ஒருத்தி சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் தூண்போல நின்றுவிடுவாள். பார்க்காமல் போய் மோதினால் மூச்சே நின்றுவிடும். பின்னால் நிற்கிற தோழிதான் கத்திச் சொல்ல வேண்டும்.

டோலு பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். பெரிய உடம்புக்காரி ஒருத்தி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். டோலுவுக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு குரல்:

"டோலு! பின்னாலை! இடது பக்கம்!"

கூரை அதிர்ந்தது. டோலு அந்தக் கணமே சுழன்று விலகினாள். பந்து எங்கள் கைக்கு வந்தது. வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பிக் குதித்தார்கள். கேயில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அது மிதுனாவின் குரல். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவள் வாய் மூடவில்லை. வலது, இடது, நான் வாறன், நீ போ, கவனம், கவனம்.

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. ஹரோ வீட்டுச் சமையலறையில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அம்மா, பின்னாலை!" என்று. அன்று நான் திரும்பப் பிந்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் கதைப்பதை விட்டது.

இன்று அந்தப் பிள்ளை விலகிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

பெப்ரவரி 19

வீட்டில் இரண்டு சொல் கதைத்தாள். "பசிக்குது அம்மா." நான் புட்டு அவித்தேன்.

மே 6

கழகத்தில் இப்போது நூறு பிள்ளைகளுக்கு மேல். ஆலயத்தில் இடமில்லை, பள்ளிக்கூடம் வாரம் ஒரு மாலைக்குமேல் தராது. கேயில் நித்திரையில்லாமல் திரிகிறார். இன்று எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தைக் காட்டினார். முன்பு கம்பளம் விற்ற பெரிய கொட்டகை. பூட்டிக் கிடந்து வருடக்கணக்காகிறது. உள்ளே புறாக்கள். நிலம் வெறும் சிமெந்து.

கொட்டகையின் சொந்தக்காரி ஒரு கிழவி. பேத்தி நாரைகளில் விளையாடுகிறாள். "புறாவுக்குக் குடுத்ததைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறன்" என்றாளாம்.

"ஆனா நிலம்?" என்று டாயோ கேட்டார். "சிமெந்திலை குதிச்சா முழங்கால் போயிடும்."

கேயில் சிரித்தார். பக்கத்து ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கப் போகிறார்களாம். அதன் மரத்தளத்தைக் கழற்றிக்கொண்டு போனால் தருவார்களாம். ஆட்கள்தான் வேண்டுமாம்.

யார் வருவார்கள் என்று நான் மனசுக்குள் நினைத்தேன்.

ஜூலை 23

வந்தார்கள். மீன்பிடிக்காரர்கள் வந்தார்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், எங்கள் இல்லத்து முதியவர்களின் மகன்மார் வந்தார்கள். பிள்ளை குட்டி இல்லாதவர்கள், கூடைப்பந்தை வாழ்க்கையில் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். ஒவ்வொரு பலகையாய் நெம்பி எடுத்து, கைக்குக் கை மாற்றி, லொறிக்கு. மரம் எறும்பு வரிசைபோலப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஆணி பிடுங்கும் வேலை. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு வலது கையால் பிடுங்கினேன். அடிப்பக்கத்தில் யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டிய சூயிங்கம், அதையும் சுரண்டினேன். பக்கத்தில் மிதுனாவும் டோலுவும் ஓயாமல் கதைத்தபடி. எதைப் பற்றி என்று கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஓகஸ்ட் 20

தளம் போட்டாயிற்று. பழைய பள்ளியில் அந்த மரத்தில் பல நிறக் கோடுகள் இருந்தன. இங்கே பலகைகளை வந்தபடி அடுக்கியதால் கோடுகள் எல்லாம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. நீலம் இங்கே, மஞ்சள் அங்கே, ஒரு வட்டத்தின் கால்வாசி சுவரோரம். இழைப்பு இயந்திரம் ஓடியதும் ஒவ்வொன்றாய்ப் போயிற்று. உள்ளிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. அத்தனை பெரிய நிலம், ஒரு கீறல் இல்லாமல்.

எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு விளிம்பில் நின்றோம். யாருக்கும் காலை வைக்க மனம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி நின்றோம்.

செப்டெம்பர் 30

திறப்பு. இரண்டு வளையங்கள், இரண்டுக்கும் புது வலை! வெளிச்சமான புள்ளிப்பலகை. எனக்கென்று மேசை, கதிரை, பெரிய பொத்தான். ஊரில் பாதி வந்திருந்தது. கேயில் பேச எழும்பி, பேச முடியாமல், விசிலை ஊதிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

பெருமை தாங்காமல் வெறும் மண்டபத்தின் படம் ஒன்றைப் பெரியண்ணாவுக்கு அனுப்பினேன். ஆட்கள் யாரும் அதில் இல்லை. "இது எங்கடை ஆக்கள் கட்டினது" என்று எழுதினேன்.

"எங்கடை ஆக்களோ? அங்கை தமிழ்ச்சனம் இருக்குதே?" என்று திருப்பிக் கேட்டார்.

ஜனவரி 27

வென்றோம். மறுபடியும். தோற்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று கேயில் சொல்கிறார். வேலையால் வந்து துவைப்பு, சமையல், பயிற்சி. எழுத நேரமில்லை. நித்திரை வருகிறது.

ஏப்ரல் 20

வடக்குப் பிராந்தியத்தின் இறுதிப் போட்டி, எங்கள் மண்டபத்தில். எதிரே ஒரு பெரிய நகரத்து அணி. அவர்களுக்கு உடற்பயிற்சிக்கு ஓர் ஆள், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள். எங்களுக்கு எங்கள் ஊர். நிற்க இடமில்லை, ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

மூன்றாம் கால்பகுதியில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். நான் பந்திலேயே கண்ணாக இருந்தேன். ஒரு நிழல் வந்து மேசைக்கு முன்னால் நின்றது.

"வதனி."

அவர்தான். சாம்பல் கோட்டு, புதிதாக வெட்டிய தலைமயிர். மிதுனாவின் அப்பா. எங்களுக்குக் கிட்ட வரக் கூடாது என்று ஹரோவில் நீதிமன்றம் அவருக்குச் சொல்லியிருக்கிறது. அதை நான் இதுவரை இங்கே எழுதவில்லை.

"எழும்பு. காரிலை இருந்து கதைப்பம். பிள்ளையையும் கூப்பிடு."

என் உடம்பு எழும்பப் பார்த்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இருபது வருடம் பழகிய உடம்பு, அந்தக் குரலுக்குத் தானாக எழும்பும். ஆனால் விரல் பொத்தானில் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கோட்டு பந்தை மறைத்தது.

"மறைக்குது" என்றேன். "தள்ளி நில்லுங்கோ."

"என்ன?"

"விளையாட்டு நடக்குது. தள்ளி நில்லுங்கோ."

அவர் மேசையில் கையை ஊன்றிக் குனிந்தார். விசில் கேட்டது. நான் அழுத்தினேன். கடிகாரம் நின்றது.

நடுவர் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்காது. நேராக மேசைக்கு நடந்து வந்து, இங்கே யாரும் நிற்கக் கூடாது என்றாள். அவர் சிரித்தபடி, நல்ல ஆங்கிலத்தில், "இவ என்ரை மனிசி" என்றார்.

"இருக்கலாம். இப்ப இவ என்ரை மேசை அதிகாரி. போங்கோ" என்றாள் அவள்.

இரண்டாம் வரிசையில் டாயோ எழும்பினார். எழும்பி நின்றார், அவ்வளவுதான். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு அந்த வரிசை. பிறகு எதிர்ப்பக்கம், நகரத்து அணியின் தாய்தகப்பன்மாரும். எதற்கு எழும்புகிறோம் என்றுகூடச் சிலருக்குத் தெரிந்திராது. கொட்டகை முழுக்க ஆட்கள் நின்றார்கள். யாரும் ஓர் அடி முன்னால் வரவில்லை. அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

மிதுனா பந்தை இடுப்பில் வைத்தபடி தளத்தின் நடுவிலிருந்து வந்தாள். வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போது அவரைவிட அவள் உயரம். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா, வெளியிலை போங்கோ."

"பெரியாக்கள் கதைக்கேக்கை நீ..."

"அப்பா! வெளியிலை போங்கோ!"

அந்த மண்டபத்தில் அவ்வளவு சத்தமாகக் கேட்ட முதல் தமிழ் அதுதான். ஒருவருக்கும் மொழி விளங்கியிருக்காது. எல்லாருக்கும் விளங்கியது.

அவர் சுற்றிப் பார்த்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். போனார். டாயோவும் இன்னொரு தகப்பனும் இடைவெளி விட்டு வாகனத் தரிப்பிடம்வரை பின்னால் போனார்கள். பொலிசுக்குக் கழகத்து ஆள் ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நடுவர் என்னைப் பார்த்தாள். "தொடங்கலாமா? உங்களுக்கு நேரம் வேணுமெண்டா எடுங்கோ."

எனக்கு நேரம் வேண்டுமா என்று கேட்டாள். என்னை.

கொஞ்சம் எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். பெருவிரலை உயர்த்தினேன். ஆட்டம் தொடர்ந்தது.

ஏப்ரல் 21

நேற்று முடிவை எழுத மறந்துவிட்டேன். தோற்றோம், மூன்று புள்ளியால். மிதுனா கடைசிவரை கத்திக்கொண்டே விளையாடினாள். முடிந்தபின்னும் சனம் வெளியே போகாமல் கைதட்டிக்கொண்டே நின்றது. வென்ற பிள்ளைகளே குழம்பிப்போய், தாங்களும் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஏப்ரல் 25

பொலிஸ்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். பழையதையும் கேட்டாள். மணிக்கட்டைப் பார்த்து, இது எப்படி என்றாள். சொன்னேன். சமையலறை சரி, விழுந்தது சரியில்லை. எல்லாம் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. மிதுனா பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்திருந்தாள். வேறொன்றும் எழுதத் தேவையில்லை.

பெரியண்ணா இரவு எடுத்தார். மண்டபத்தின் படத்தை மிதுனாவின் அப்பாவுக்கு அவர்தான் காட்டியிருக்கிறார். சுவரில் இருந்த கழகத்தின் பெயர் அதில் தெரிந்திருக்கிறது.

"ஒருக்கா நேரிலை கண்டு கதைச்சா எல்லாம் சரிவரும் எண்டு நினைச்சன். உண்மையா எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை. நீ ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. இப்ப சொல்லுறன், கேளுங்கோ."

கேட்டார்.

ஜூன் 2

அந்த நகரத்து அணியின் பயிற்சியாளர் கேயிலிடம் வந்திருக்கிறார். அவர்களுடைய நகரத்தில் விளையாட்டோடு படிக்கிற கல்லூரி ஒன்று இருக்கிறதாம், தங்கிப் படிக்கலாமாம். மிதுனாவுக்கு இடம் தருகிறோம் என்கிறார். "அப்பிடி ஒண்டு நடந்தபிறகும் திரும்பி வந்து முதல் பந்தையே கூடைக்குள்ளை போட்ட பிள்ளை, அந்தப் பிள்ளை எனக்கு வேணும்" என்றாராம்.

நல்ல வீரரை விட்டுக்கொடுக்கக் கேயிலுக்குக் கவலை இருக்காதா என்று கேட்டேன். "நாரையெண்டா பறக்கோணும். கூட்டிலை வைச்சிருக்க நான் என்ன கோழியே வளக்கிறன்?" என்றார். சொல்லிவிட்டுப் பஸ்ஸை வேகமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 3

"நீங்கள் தனிய இருப்பியளே அம்மா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஆர் இல்லை?" என்றேன்.

ஓகஸ்ட் 31

விட்டுவிட்டு வந்தேன். அறை சின்னது. கட்டிலில் கால் வெளியே நீண்டுகொண்டிருக்கும் என்று கண்டதும் சொன்னேன். அங்கே நின்ற பிள்ளைகள் எல்லாரும் அவளளவு உயரம், சிலர் அதற்கும் மேல். அவர்களுக்கு நடுவில் என் பிள்ளை சாதாரணப் பிள்ளையாகத் தெரிந்தாள். எவ்வளவு அழகாக இருந்தது.

செப்டெம்பர் 15

பெரியண்ணா ரொறன்ரோவுக்கு வரச் சொல்கிறார். விமான ரிக்கெற்றைத் தானே போடுகிறாராம், மேலறை சும்மா கிடக்கிறதாம்.

"அண்ணா, எனக்கு இஞ்சை வேலை இருக்கு."

"அது ஒரு வேலையே? அங்கையும் முதியோர் இல்லம் இருக்கு."

"அதில்லை. சனிக்கிழமை வேலை."

ஒக்டோபர் 12

மிதுனாவுக்கு இன்று புது அணியில் முதல் போட்டி. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். அதே நேரத்தில் எங்கள் மண்டபத்தில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் முதல் போட்டி. கேயில், "வீட்டை இருந்து பாருங்கோ வாட்னி, வேறை ஆளைப் பிடிக்கிறன்" என்றார். மாட்டேன் என்றேன். மிதுனாவின் ஆட்டத்தைப் பிறகும் பார்க்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு இன்றுதான் முதல் நாள்.

இப்போது கழகத்தில் ஐந்நூறு பிள்ளைகள் என்கிறார்கள். எனக்கு முகங்கள்தான் தெரியும். இன்று வந்தவர்களுக்குச் சட்டை முழங்கால்வரை தொங்கியது. பந்து அவர்களுடைய வயிற்றளவு. பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாது. ஒருத்தி நடுவில் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டினாள், ஆட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நெடுநேரம் யாருக்கும் புள்ளி விழவில்லை. பிறகு எங்கள் பிள்ளை ஒருத்தி, முன்பல் இரண்டும் இல்லாதவள், எப்படியோ பந்தைக் கைப்பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். தட்டித் தட்டி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒருவரும் மறிக்காத திசையில். ஏன் மறிக்கவில்லை என்றால் அது எங்களுடைய வளையம். கேயில் "மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!" என்று கத்தினார். அவள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாள். நின்று, கண்ணை மூடி, இரண்டு கையாலும் எறிந்தாள்.

பந்து வளையத்தைச் சுற்றிவந்து உள்ளே விழுந்தது.

ஒரு கணம் மண்டபம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு டாயோ கைதட்டினார். பிறகு எல்லாரும் எழும்பினார்கள், அந்தப் பக்கத்துத் தாய்மாரும். சட்டப்படி அந்தப் புள்ளி எதிரணிக்கு. போட்டேன். அவள் திரும்பிப் புள்ளிப்பலகையில் இரண்டு என்ற எண்ணைக் கண்டாள். எந்தப் பெயருக்குக் கீழே என்று பார்க்கவில்லை. கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு, முன்பல் இல்லாத வாய் முழுக்கச் சிரித்தபடி மண்டபத்தைச் சுற்றி ஓடினாள்.

விசில் வந்துவிட்டது, நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அவள் சுற்றி முடிக்கும்வரை யாரும் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லவில்லை. நானும் தொடங்கவில்லை.